பீட்ரூட் வாஃபிள் பழுப்பாகாமல் இருக்க
பொங்கல் காலைக்குக் கலர் வாஃபிள் ஒத்திகை பார்த்தேன், பீட்ரூட் மாவு கரண்டியில் ரோஜா நிறம், மெஷினைத் திறந்தால் பழுப்பு என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் சமையல் சோடாதான் காரணம், பீட்ரூட் நிறம் சோடாவின் காரத்தன்மையையும் அதிகச் சூட்டையும் தாங்காது. சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் போடுங்கள், 1 கப் மைதாவுக்கு 1 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், மேல்தோல் சீக்கிரம் கருகிவிடும். இனிப்புக்கு அப்புறம் தேன் ஊற்றிக்கொள்ளலாம். நடுத்தரச் சூட்டில் வைத்து ஆவி அடங்கியதும் எடுத்துவிடுங்கள். அப்படியும் வெளியே லேசாகப் பொன்னிறமாகும், பிய்த்தால் உள்ளே அழகான ரோஜா நிறம், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். மஞ்சள்தூள் போட்ட மாவிலும் சோடா கூடாது, செங்கல் நிறமாகிவிடும். பச்சைக்குப் பாலக்கீரை விழுது போதும், சரி, அதில் மட்டும் எலுமிச்சை வேண்டாம், நிறம் மங்கிவிடும்.