பேசாமல் கண்ட விடை

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். அப்பா மஞ்சள் விவசாயி. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றேன். ஒரே நாளில் ஐந்து சுற்றுகள். மூன்றாவது சுற்றில், ஒவ்வொரு கணுவிலிருந்தும் அதிகம் போனால் இரண்டு கிளைகள் பிரியுமாறு தரவை அடுக்கும் பைனரி ட்ரீ என்ற அமைப்பு பற்றிய கேள்வி ஒன்று. நெடுநேரம் யோசித்துச் சரியான விடையை எழுதினேன். எதிரில் இருந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடிக்கணினியில் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வாரம் கழித்து, தேர்வாகவில்லை என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. காரணம் கேட்டேன், சொல்ல இயலாது என்றார்கள். "இன்னும் நல்லாப் படிச்சிருக்கோணும் அம்மிணி" என்கிறார் அப்பா. எனக்குத் தகுதி இல்லையா?

(பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள அம்மிணி,

உங்கள் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் படித்தது அந்த மூன்றாவது சுற்றைத்தான். நெடுநேரம் யோசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது என்ன பேசினீர்கள் என்று எழுதவில்லை. பேசவே இல்லை என்று ஊகிக்கிறேன். பெங்களூரில் பத்தாண்டுகள் அந்த மேசைக்கு மறுபுறம் அமர்ந்து கேள்வி கேட்டவன் நான். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தடுமாறக் கண்டது இந்த இடத்தில்தான். பெரியவர்கள் முன்னால், விடை முழுதாகத் தெரிந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். வீட்டில் அது மரியாதை. நேர்காணலிலோ அதுவே நம்மை மறைத்துவிடுகிறது.

அவர் தட்டிக்கொண்டிருந்தது உங்களைப் பற்றிய குறிப்பாகத்தான் இருக்கும். கூகுள் போன்ற நிறுவனங்களில், நேர்காண்பவர் எழுதும் குறிப்புகளைப் படித்து, விண்ணப்பதாரரைப் பார்த்தே இராத ஒரு குழு முடிவெடுக்கும் வழக்கம் உண்டு. நீங்கள் மனத்துக்குள் முயன்று கைவிட்ட வழிகளும், அவற்றைக் கைவிட்ட காரணங்களும் அந்தக் குறிப்பில் ஏறுவதில்லை. "நெடுநேரம் அமைதியாக இருந்தார், பிறகு விடை எழுதினார்" என்பது மட்டுமே இருக்கும். அந்த விடை அங்கேயே கண்டடைந்ததா, முன்பே மனப்பாடம் செய்ததா என்பது படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

இதைச் சொல்வதால் அந்த முறை பிழையற்றது என்று எண்ணிவிடாதீர்கள். கூகுளின் மனிதவளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற புதிர்க் கேள்விகள் முழுக்க நேர விரயம் என்று 2013இல் வெளிப்படையாகவே சொன்னார். ஹோம்ப்ரூ என்ற மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹவெல், கூகுளின் பொறியாளர்களில் பெரும்பாலோர் தன் படைப்பைப் பயன்படுத்தியும், பைனரி ட்ரீயை இடவலமாகத் திருப்பும் வழியைப் பலகையில் எழுதத் தெரியாததால் தன்னை நிராகரித்துவிட்டார்கள் என்று 2015இல் பகிரங்கமாக எழுதினார். தகுதியற்ற ஒருவரைச் சேர்ப்பதைவிடத் தகுதியுள்ள ஒருவரை இழப்பது மேல் என்பதே பெரிய நிறுவனங்களின் கணக்கு. ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து குவியும் இடத்தில் அந்த இழப்பு அவர்களுக்கு உறைப்பதில்லை; வீட்டுக்குத் திரும்பும் உங்களுக்குத்தான் உறைக்கிறது.

காரணம் சொல்ல மறுத்ததை நான் ஏற்கவில்லை. வழக்கு வரும், வாக்குவாதம் வளரும் என்ற அச்சத்தால் வைத்த விதி அது. நானும் அதைப் பத்தாண்டுகள் கடைப்பிடித்தேன். ஒரு நாள் முழுவதையும் நம்மிடம் கொடுத்த மனிதருக்கு இரண்டு வரி உண்மையைக்கூடச் சொல்லாமல் அனுப்பியது தவறு என்று இன்று வருந்துகிறேன்.

உங்கள் அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஈரோட்டுச் சந்தையில் மாதிரிக்கு எடுத்த ஒரு பிடி மஞ்சளைப் பார்த்துவிட்டு வியாபாரி ஒருவர் வேண்டாமென்று போனால், களத்தில் இருக்கும் அத்தனை மூட்டையும் மட்டம் என்று அப்பா ஒப்புக்கொள்வாரா? படிப்பில் குறையிருந்தால் அந்தக் கேள்விக்கு உங்களால் விடை எழுதியிருக்கவே முடியாது.

இனி செய்ய வேண்டியது வேறு வகைப் பயிற்சி. அறைத்தோழி ஒருவரை எதிரில் அமர்த்தி, கணினி இல்லாமல் வெறும் தாளில், நாற்பத்தைந்து நிமிடம் வாய்விட்டுப் பேசியபடியே விடை தேடுங்கள். "முதலில் இப்படிச் செய்யலாம் என்று தோன்றுகிறது, ஆனால் தரவு பெரிதானால் இது மெதுவாகிவிடும்" என்று தவறான வழியையும் சொல்லுங்கள். ஆங்கிலம் தயங்கினால் தயங்கட்டும், நிறுத்த வேண்டாம். முதல் வாரம் கூச்சமாகவே இருக்கும்.

பல நிறுவனங்கள் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் விண்ணப்பிக்க விடுகின்றன. உங்களுக்கு எவ்வளவு காலம் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். நான் இப்போது கோவையில்தான் இருக்கிறேன். அதற்கு முன் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் தோழியும் வந்தால், எதிரில் அமர்ந்து நானே கேள்வி கேட்கிறேன். முடிந்ததும், நான் எழுதிய குறிப்பை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.