மருத்துவமனையிடம் பாலிசி இருக்கிறது. டாக்டருக்குத் தனியாக எதற்கு?

கேள்வி: நான் எம்.டி. பொது மருத்துவம் முடித்தவள், வயது 34. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கணவரின் ஐ.டி. வேலைக்காகக் கடந்த ஆண்டு பெங்களூரு வந்தோம். பகலில் ஒரு பெரிய மருத்துவமனையில் கன்சல்டன்ட், மாலையில் ராமமூர்த்தி நகரில் சொந்த கிளினிக். இதுவரை இன்டெம்னிட்டி பாலிசி (சிகிச்சையில் தவறு என்று நோயாளி கேட்கும் இழப்பீட்டுக்கான காப்பீடு) எடுத்ததில்லை. மருத்துவமனையில் கேட்டால் "எங்களிடம் கவர் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்கிறார்கள். ஒரு ஏஜென்ட் "1 கோடி, 1:4" என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். எடுக்கலாமா? இரண்டு வருடம் கழித்து ஃபெலோஷிப்புக்காக பிரிட்டன் போகும் எண்ணமும் உண்டு. ஹொரமாவு ஃபிளாட் என் பெயரில் இருக்கிறது. எதற்கும் கணவர் பெயருக்கு மாற்றிவிடச் சொல்கிறார் மாமனார். என்ன செய்யலாம்?

பதில்: பாலிசி கட்டாயம் எடுங்கள் டாக்டர், இந்த வாரமே எடுத்தாலும் நல்லது. ஆனால் கையில் இருக்கும் கொட்டேஷனை அப்படியே ஏற்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். கார் பாலிசியில், விபத்து நடந்த நாளில் பாலிசி நடப்பில் இருந்தால் போதும். டாக்டர்களுக்கான இன்டெம்னிட்டி பாலிசி அப்படி இல்லை. நோயாளி தரப்பிலிருந்து புகார் வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். புகாருக்குக் காரணமான சிகிச்சையும், பாலிசியில் அச்சிட்டிருக்கும் ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். முதன்முதலில் பாலிசி எடுத்த நாள்தான் பொதுவாக அந்தத் தேதி. விடாமல் புதுப்பித்து வந்தால் அது அப்படியே நிற்கும். இடையில் விட்டுவிட்டால் புதுத் தேதியிலிருந்து ஆரம்பிப்பார்கள்; அதற்கு முன் பார்த்த நோயாளிகள் எல்லாரும் கவருக்கு வெளியே போய்விடுவார்கள். கம்பெனி மாற்றுவதில் தப்பில்லை. பழைய பாலிசி நகல்களைக் கொடுத்து, பழைய ரெட்ரோ தேதியையே புதுப் பாலிசியில் போட்டு வாங்கிக்கொண்டு மாறுங்கள்.

இதனால்தான் சேலத்து மூன்று வருடங்கள் உங்களுக்கு ஓட்டை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தையும் ஆணையம் மன்னிக்கலாம். ஆகவே சேலத்தில் கடைசியாகப் பார்த்த நோயாளிகள் விஷயத்தில் கணக்கு இன்னும் முடியவில்லை. பழைய மருத்துவமனையின் பாலிசி உங்கள் பணிக்காலத்தை உள்ளடக்கியதா என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள். கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, சேலத்து வருடங்களும் உள்ளே வரும்படி பழைய தேதியை ரெட்ரோ தேதியாகத் தருவார்களா என்று புதிய கம்பெனியிடமும் கேட்கலாம். ஏற்கெனவே தகராறில் இருக்கும் கேஸ் ஏதாவது இருந்தால் அதை மறைக்கக் கூடாது. மறைத்து வாங்கிய பாலிசி தேவைப்படும் நாளில் நிற்காது.

அப்புறம், "எங்களிடம் கவர் இருக்கிறது" என்ற வாக்குறுதி. உங்களுக்கு மாதாமாதம் வருவது சம்பளமா, புரொபஷனல் ஃபீஸா? 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு கொடுக்கிறார்கள் என்றால் நீங்கள் அவர்களின் ஊழியர் இல்லை, ஒப்பந்தத்தில் வந்துபோகும் கன்சல்டன்ட். பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளில் கன்சல்டன்ட்களை இப்படி வைத்துக்கொள்வது சகஜம். மருத்துவமனையின் பாலிசி முதலில் காப்பது மருத்துவமனையை. ஊழியர்களாக இருக்கும் டாக்டர்கள் அதற்குள் வரலாம், கன்சல்டன்ட்கள் வராமல் போகலாம். பாலிசி நகலைக் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தையும் எடுத்து ஒருமுறை படியுங்கள். "டாக்டரின் கவனக்குறைவால் மருத்துவமனைக்கு ஏற்படும் இழப்பை டாக்டரே ஈடுசெய்ய வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். புகாரில் மருத்துவமனையை முதல் எதிர்தரப்பாகவும் உங்களை இரண்டாவதாகவும் போடும்போது, இருவருக்கும் ஒரே வக்கீல் என்று ஆரம்பிப்பார்கள். தப்பு யாருடையது என்ற கேள்வி வந்ததும் இரண்டு பேரின் நலனும் தனித்தனியாகிவிடும். அந்தக் கட்டத்தில் உங்களுக்காக மட்டும் பேச ஓர் ஆள் வேண்டும். ராமமூர்த்தி நகர் கிளினிக்குக்கோ மருத்துவமனையின் பாலிசி எந்த வகையிலும் உதவாது.

இப்போது "1 கோடி, 1:4". இதை ரூபாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு புகாருக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதுதான் இந்த விகிதம். வருட மொத்தம் 1 கோடி என்றால், 1:4 விகிதத்தில் ஒரு புகாருக்குக் கிடைப்பது 25 லட்சம்தான். பிரீமியம் குறைவாகத் தெரிய இதுவும் ஒரு வழி. ஒரே வருடத்தில் நாலு பெரிய வழக்கு வருவது ஒரு பொது மருத்துவருக்கு அபூர்வம். ஒரே ஒரு பெரிய வழக்கு வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் முழுத் தொகையும் ஒரே புகாருக்குக் கிடைக்கும் 1:1 விகிதமே உங்களுக்குச் சரி.

எவ்வளவு தொகைக்கு? பயமுறுத்தி விற்பவர்கள் 2013இல் உச்ச நீதிமன்றம் கொல்கத்தா வழக்கு ஒன்றில் வட்டி நீங்கலாகவே கிட்டத்தட்ட 6 கோடி ரூபாய் இழப்பீடு கொடுத்ததைச் சொல்வார்கள். உண்மைதான். அதில் டாக்டர்கள் மூவர் கொடுக்க வேண்டியிருந்தது 10 லட்சம், 10 லட்சம், 5 லட்சம்; மீதி மருத்துவமனையின் தலையில் விழுந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதற்காக அலட்சியமாகவும் இருக்க முடியாது. உங்களிடம் வருகிறவர்கள் யார் என்று யோசியுங்கள். 35 வயது, வருடம் 30 லட்சம் சம்பளம், மனைவி, ஒரு குழந்தை. நெஞ்சு வலி என்று வந்தவருக்கு இ.சி.ஜி.யில் இருந்ததைக் கவனிக்காமல் அசிடிட்டிக்கு மருந்து கொடுத்து அனுப்பியதாகப் புகார் வருகிறது என்று வையுங்கள். சாலை விபத்து வழக்குகளின் கணக்கில், மூன்றில் ஒரு பங்கைச் சொந்தச் செலவுக்குக் கழித்து, மீதி 20 லட்சத்தை அந்த வயதுக்கான எண்ணான 16ஆல் பெருக்குவார்கள், 3.2 கோடி வரும். மருத்துவ வழக்கில் இதே சூத்திரத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்றில்லை, கூடவும் போகலாம் குறையவும் போகலாம். ஆனால் தொகை எந்த அளவில் இருக்கும் என்பது இதிலிருந்து தெரியும்.

இன்னொன்று, வழக்குகள் இழுக்கும். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்து பார்வை இழந்த குழந்தையின் வழக்கில், சுமார் 1.8 கோடி இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2015இல். உங்கள் பாலிசி கொடுப்பதோ, புகார் வந்த வருடத்தில் இருந்த லிமிட்டை மட்டுமே. தீர்ப்பு வரும்போது நீங்கள் 5 கோடிக்கு உயர்த்தியிருந்தாலும் பழைய வழக்குக்கு அது பயன்படாது. வக்கீல் செலவும் பெரும்பாலும் அதே லிமிட்டுக்குள்தான். ஐ.சி.யூ. நோயாளிகளையும் பார்ப்பவராக இருந்தால் நான் 2 கோடி, 1:1 என்பேன். அறுவை சிகிச்சை செய்யாத மருத்துவருக்கு, சர்ஜன், அனஸ்தட்டிஸ்ட் (மயக்க மருத்துவர்) கட்டுவதைவிடப் பிரீமியம் குறைவு. பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 2025 செப்டம்பரில் தனிநபர் உடல்நலக் காப்பீட்டுக்குக் கிடைத்த விலக்கு இதற்குப் பொருந்தாது.

விண்ணப்பப் படிவத்தை ஏஜென்ட் நிரப்பட்டும் என்று விடாதீர்கள். "ஓ.பி. மட்டும்" என்று போட்டால் பிரீமியம் குறையும். ஆனால் நீங்கள் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போடுபவர், வயிற்றில் நீர் எடுப்பவர் என்றால் அது படிவத்தில் இருக்க வேண்டும். கிளினிக்கில் ஊசி போடும் நர்ஸ், உதவியாளர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டா என்று கேளுங்கள். தகுதியில்லாத ஊழியரின் செயலைப் பல பாலிசிகள் நேரடியாக விலக்கிவிடும். மதுரையிலும் சேலத்திலும் இருக்கும் சொந்தபந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் மருந்து எழுதிக் கொடுக்கிறீர்களா? எல்லா டாக்டர் வீட்டிலும் நடப்பதுதான். டெலி ஆலோசனைக்கு 2020 முதல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. பாலிசியில் டெலி ஆலோசனை உண்டா என்று பாருங்கள், நீங்கள் சொன்ன ஆலோசனையின் பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவோடு மட்டும் இருந்தால் கர்நாடகா மருத்துவ கவுன்சில் பதிவையும் முடித்துவிடுங்கள். மாநிலத்தின் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப்படி கிளினிக்குக்கும் பதிவு தேவை. இதில் எது இல்லாவிட்டாலும் கம்பெனிக்குக் கேள்வி கேட்க இடம் கிடைக்கும்.

சிலர் "டாக்டர் பாதுகாப்புத் திட்டம்" என்ற பெயரில் வக்கீல் சேவையும் காப்பீடும் கலந்த பொட்டலம் விற்கிறார்கள். வக்கீல் சேவை நல்லதாகவே இருக்கலாம். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற எந்தக் கம்பெனி பாலிசி தருகிறது, அந்தப் பாலிசி உங்கள் பெயரில் வருகிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பிரிட்டன் போகும்போது "இங்கே பிராக்டிஸ் இல்லையே" என்று பாலிசியை நிறுத்தத் தோன்றும். நிறுத்திய பிறகு புகாரைத் தெரிவிக்கப் பல பாலிசிகள் கொடுக்கும் அவகாசம் 90 நாள்தான். நோயாளிக்கோ இரண்டு வருடம். அதனால் பயணத்துக்குப் பிறகும் குறைந்தது மூன்று வருடமாவது புதுப்பித்து வாருங்கள். அங்கே பார்க்கும் வேலைக்கு இது உதவாது, இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். அங்கு வேண்டியதை அங்கேதான் எடுக்க வேண்டும்.

ஒருநாள் நோட்டீஸ் வந்தால்? 2019 நுகர்வோர் சட்டப்படி புகார்தாரர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஓசூரிலிருந்து உங்களிடம் வந்தவர் கிருஷ்ணகிரியில் போடுவார். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அவருக்கு ஆணையக் கட்டணமும் கிடையாது. ஆணையத்தின் நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து பதில் தாக்கல் செய்ய 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே ஆணைய நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல், முதல் வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். "போகட்டும், 2 லட்சம் கொடுத்து முடித்துவிடலாம்" என்று அவர்கள் சம்மதம் இல்லாமல் நீங்களாகப் பேசி முடித்தால் கம்பெனி கைவிரித்துவிடும். கேஸ் ஷீட்டில் பின்னால் எதையும் சேர்க்காதீர்கள். நல்ல வழக்கும் அதில் தோற்றுப்போகும். அபராதத்தையும் தண்டனையையும் எந்தப் பாலிசியும் ஏற்காது. கிரிமினல் வழக்கு வந்தால் அதற்கான வக்கீல் செலவு கவரில் உண்டா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஃபிளாட்டை மாற்ற வேண்டாம். புகார் வந்த பிறகு, கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் இருக்கவே மாற்றினார் என்று காட்ட முடிந்தால், அந்த மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். புகாரே இல்லாத இப்போது மாற்றினாலும், பத்திரச் செலவுதான் மிச்சம்; ஆணையத்தின் முன் உங்கள் பொறுப்பு எதுவும் குறையாது. உத்தரவிட்ட தொகையைக் கட்டாவிட்டால் சிறைத் தண்டனை வரை போகச் சட்டத்தில் இடமிருக்கிறது. மாமனாரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், அவர் அக்கறையில்தான் சொல்கிறார்.

வரி விஷயம்: வருமானம் புரொபஷனல் ஃபீஸ் என்றால் பிரீமியத்தைத் தொழில் செலவாகக் காட்டலாம். 44ஏடிஏ என்று எல்லாருக்கும் பழக்கமான அனுமான முறையில், வரவில் பாதியை லாபம் என்று கணக்குக் காட்டுகிறவராக இருந்தால் தனியாகக் கழிக்க முடியாது. அந்தப் பாதிச் செலவுக்குள்ளேயே இது அடங்கிவிடும்.