கத்தி வைக்க முதல் கை பழகட்டும்: கேள்வி-பதில்

கேள்வி: நிறை குறைப்பு ஒப்பரேசனுக்கு நாள் தந்திருக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு கிழமைக்கு அரைப் பட்டினிபோல ஒரு சாப்பாட்டு அட்டவணை. நானே குறைக்கக்கூடியவள் என்றால் ஒப்பரேசன் எதற்கு? (பெண், 41, பரந்தன்)

பதில்: உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் அந்த இரண்டு கிழமையும் உங்கள் ஈரலுக்காக. நிறை கூடியவர்களுக்கு ஈரலில் கொழுப்புப் படிந்து பெருத்திருக்கும். அதன் இடப்பக்கம் இரைப்பைக்கு மேல் மூடிக் கிடக்கும். வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கமராவில் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். ஈரலைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பை தெரியும். பெருத்த ஈரலைத் தூக்கும்போது அது கிழிந்து இரத்தம் கசியலாம். சிலவேளை ஒப்பரேசனையே இடையில் நிறுத்த வேண்டியும் வரும். மாச்சத்தையும் சீனியையும் குறைத்தால், ஈரல் தான் சேர்த்து வைத்த சர்க்கரையையும் அதோடு சேர்ந்திருக்கும் தண்ணீரையும் முதலில் செலவழிக்கும். இரண்டு கிழமையிலேயே சுருங்கும்.

அட்டவணை வழமையாக நாளுக்கு 800 முதல் 1000 கலோரி அளவில் இருக்கும். புட்டும் பாணும் தேங்காய்ப்பால் சொதியும் ஒதுங்கி நிற்க, அவித்த முட்டை, மீன், பருப்பு, வல்லாரை, முருங்கையிலை முன்னுக்கு வரும். சலரோகத்துக்கு இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர்கள் பழைய அளவு மருந்தோடு சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. சீனி சடாரென்று இறங்கி மயங்கி விழுவீர்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சலரோகக் குளிசைகள் எடுப்பவர்களும் தொடங்க முதலே கிளினிக்கில் சொல்ல வேண்டும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தம் உள்ள பகுதி. அதனால் புரதத்தைக் கூட்ட முதல், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

இரண்டு கிழமைக்குக் குறைப்பது ஒன்று, குறைத்ததை வருசக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது இன்னொன்று. நிறை இறங்க இறங்க உடம்பு பசியைக் கூட்டும். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் முறையில், கிரெலின் என்ற பசி ஹோர்மோன் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் சேர்ந்தே போய்விடுகிறது. உங்கள் மனவுறுதியால் செய்ய முடியாத வேலை அது.

கேள்வி: 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் விட எனக்கு மனம் வராது. பிள்ளைகள் விட்டதையும் நானே வழித்துச் சாப்பிடுவேன். எனக்கு இந்த ஒப்பரேசன் சரிவருமா? (பெண், 47, முள்ளியவளை)

பதில்: அக்கா, இதற்காக நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. அரிசியும் உப்பும் தண்ணியும் மட்டும் போட்ட கஞ்சிக்குக் காத்து நின்ற உடம்பு அதை லேசில் மறக்காது. என்னிடம் வந்த ஒரு தாய், கதைத்துக்கொண்டு இருக்கும்போதே மேசையில் சிந்திய இரண்டு பருக்கையை விரல் நுனியால் ஒற்றி வாயில் போட்டார். போட்டதை அவர் கவனிக்கக்கூட இல்லை. அவரிடம் போய் "மிச்சம் விடுங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே தட்டில் மிச்சம் விடவே வேண்டாம். பானையில் குறையுங்கள். மூன்று சுண்டு அரிசி போடும் வீட்டில் இரண்டரைச் சுண்டு போடுங்கள். உங்களுக்குச் சின்னத் தட்டு. முதலில் மீனும் கீரையும், அதற்குப் பிறகு சோறு. பிள்ளைகளின் மிச்சத்துக்கு நீங்கள் சாப்பிட இருக்க முதலே ஒரு வழி வைத்துவிடுங்கள்: கோழிக்குப் போகட்டும், நாய்க்குப் போகட்டும். வீணாகவில்லை என்று தெரிந்தால் மனம் அடங்கும்.

ஸ்லீவுக்குப் பிறகு இரைப்பையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு வாய் கூடினாலும் நெஞ்சை அடைக்கும், சத்தி வரும். அதனால் இப்போதே தேக்கரண்டியால் சாப்பிட்டுப் பழகுங்கள். ஒரு வாய் வைத்ததும் கரண்டியைக் கீழே வையுங்கள். கூழாகும்வரை மென்று விழுங்கிவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு இடியப்பமும் ஒரு துண்டு மீனும் முடிய இருபது நிமிடம் ஆகட்டும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். சாமத்தில் எழும்பிச் சாப்பிடும் பழக்கமோ, கவலை வந்தால் சாப்பிடும் பழக்கமோ இருந்தால் உளநல மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு ஒப்பரேசனை மறுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். தெரிந்தால்தான் அவர்களால் உதவ முடியும்.

கேள்வி: ஒரு கால் பொய்க்கால். நடை சரிவராது. வயிற்றில் செல் பட்டு 2008இல் ஒப்பரேசன் நடந்தது. துண்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. (ஆண், 45, புதுக்குடியிருப்பு)

பதில்: முதலில் அந்த வயிற்று ஒப்பரேசனைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் சொல்லுங்கள். பழைய காயத்தில் குடல் ஒட்டிக் கிடக்கலாம். அதற்கேற்ப அவர் திட்டத்தை மாற்றுவார். கிளினிக் அட்டை இடம்பெயர்வில் தொலைந்திருந்தாலும் தழும்பைக் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உள்ளே இரும்புத் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நடக்காமலும் உடம்பை அசைக்கலாம். கதிரையில் இருந்து, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் கைக்கு ஒன்றாகப் பிடித்து, பத்து நிமிடம் மேலும் கீழும் தூக்குங்கள், நாளுக்கு மூன்று தரம். நிறை குறையக் குறைய வெட்டிய காலும் மெலியும், பொய்க்கால் தளரும், உரசிப் புண்ணாகும். சலரோகம் இருந்தால் அந்தப் புண் ஆபத்து. கால் செய்து தந்த இடத்தில் முன்கூட்டியே கதைத்து வையுங்கள். நோவுக்கு டைக்ளோஃபெனாக் போடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் நிறை குறைப்பு முறை) செய்தவர்களுக்கு அது குடலில் புண் போடும்.

கேள்வி: கடையில் இருந்து நாளுக்கு ஆறு தேத்தண்ணி குடிப்பேன். பின்னேரம் கொஞ்சம் கள்ளும் சுருட்டும். எதை விட வேண்டும்? (ஆண், 52, வவுனியா)

பதில்: சுருட்டை உடனே விடுங்கள். ஒப்பரேசனுக்குக் குறைந்தது ஆறு கிழமை முன்பாவது விட வேண்டும். இல்லாவிட்டால் காயம் ஆறாது, சளியும் கட்டும். கள்ளும் வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு வெறி சட்டென்று ஏறும். தேத்தண்ணியில் இரண்டு கரண்டி வீதம் ஆறு தரம் என்றால் ஏறக்குறைய 50 கிராம் சீனி, 200 கலோரி. கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் அரை மணித்தியாலம் தள்ளிக் குடிக்கவும் இப்போதே பழகுங்கள்.

கேள்வி: விடிய நடக்கச் சொல்கிறார்கள். எங்கள் ரோட்டில் அந்த நேரம் யானை நிற்கும். (பெண், 36, ஒட்டுசுட்டான்)

பதில்: அப்படியென்றால் விடிய நடக்கவே வேண்டாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வளவுக்குள் பத்து நிமிடம் நடந்தால் போதும்.

கேள்வி: எனக்கு 29 வயது. பிள்ளை இல்லை. நிறை குறைந்ததும் பிள்ளை தங்கும் என்று மாமி சொல்கிறா. (முழங்காவில்)

பதில்: நிறை குறையும்போது மாதவிலக்குச் சீராகி, எதிர்பார்க்காத நேரத்திலேயே தங்கலாம். ஆனால் ஒப்பரேசனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். அந்தக் காலத்தில் தாய்க்கே இரும்பும் பி12உம் பற்றாது. பைபாஸ் என்றால் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை மட்டும் நம்பாதீர்கள். ஊசியா, லூப்பா, இம்பிளான்றா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்போதே கேளுங்கள். முடிந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.