இரட்டைக் கண்ணாடி ஜன்னல்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஜன்னல் பட்டறை வைத்திருக்கிறேன், அலுமினியமும் யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கும். தொழில் பழகியது ஆசாரிப் பட்டறையில், இழைப்புளி பிடித்து. கண்ணாடி ஜன்னல் பற்றி சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று காலையில் வாயை விட்டேன், மதியச் சாப்பாட்டுக்குள் இத்தனை வந்து நிற்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன். ரேட் மட்டும் கேட்காதீர்கள். கண்ணாடி, கீல், பூட்டு, கொசுவலை, அளவு எல்லாம் தெரியாமல் சதுர அடி ரேட் சொல்கிறவனை நானே நம்பமாட்டேன்.

தேவகோட்டையிலிருந்து: புது வீடு. மேற்குப் பார்த்த படுக்கையறையில் 5க்கு 4 அடி ஜன்னல். ஏசி ஓடினாலும் சாயங்காலம் அடுப்படி மாதிரி இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி போட்டால் சரியாகுமா? கையில் பணம் அதிகம் இல்லை.

உங்கள் கேள்விதான் இன்றைக்கு வந்ததிலேயே உருப்படியானது, அதனால் கணக்கோடு சொல்கிறேன். உங்கள் ஜன்னல் 20 சதுர அடி, அதாவது 1.86 சதுர மீட்டர். வெப்பம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி என்கிற வித்தியாசத்தால் கண்ணாடி வழியே கடத்தப்படுவது. வெளியே 38, உள்ளே 25 டிகிரி என்று வையுங்கள். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 5.7 வாட் விடும், 12 மில்லி இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி 2.8. ஆக உங்கள் ஜன்னலில் 140 வாட் வருவது 70 ஆகும். பாதி மிச்சம் என்று விற்பவர்கள் சொல்வது இதைத்தான், பொய்யில்லை.

இரண்டாவது வழி நேர் வெயில். நாலு மணி மேற்கு வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்துக்கொண்டாலே, சாதாரண வெள்ளைக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்தை உள்ளே விட்டுவிடும், கிட்டத்தட்ட 890 வாட். ஒரு டன் ஏசியின் திறனே 3500 வாட்தான், கால்வாசி அந்த ஒரு ஜன்னலுக்கே போய்விடுகிறது. வெள்ளைக் கண்ணாடியையே இரட்டையாகப் போட்டால் 890 என்பது 780 ஆகும், அவ்வளவுதான். வெயில் தடுக்கும் பூச்சு போட்ட கண்ணாடி என்றால் 330 பக்கம் இறங்கும். புரிகிறதா? நீங்கள் காசு கொடுக்க வேண்டியது இரண்டு என்கிற எண்ணிக்கைக்கு இல்லை, பூச்சுக்கு.

பணம் குறைவென்றால் வரிசை இப்படி. முதலில் வெளியே மூங்கில் தட்டியோ மரக்கதவோ. சன்ஷேட் மேற்கில் உதவாது, சாயங்கால வெயில் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும். ஜன்னலுக்கு உள்ளே தொங்கும் திரையும் பாதி வேலைதான், வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாயிற்று. அடுத்து, ஒற்றைக் கண்ணாடியிலேயே வெளிக்காற்றைத் தாங்குகிற பூச்சு போட்டது கிடைக்கிறது, அதைப் போடுங்கள். அதற்கும் மேல் கையில் இருந்தால்தான் பூச்சு போட்ட இரட்டைக் கண்ணாடி.

லண்டனிலிருந்து: இங்கே எல்லா வீட்டிலும் டபுள் கிளேசிங்தான், விலையும் பரவாயில்லை. பள்ளத்தூரில் கட்டும் வீட்டுக்கு இங்கிருந்தே கன்டெய்னரில் அனுப்பிவிடலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. அங்கே வெயிலை உள்ளே விட்டு, சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிற மாதிரிக் கண்ணாடி எடுப்பார்கள். பள்ளத்தூரில் சித்திரை மாதம் அதைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரிலேயே கண்ணாடித் தொழிற்சாலை இருக்கும்போது கப்பல் எதற்கு?

கண்டனூரிலிருந்து: எங்கள் ஊர் பிட்டர், பிரேமுக்குள் இரண்டு 5 மில்லி கண்ணாடியை வைத்து நடுவில் பீடிங் அடித்துத் தருகிறேன், கம்பெனி மாலில் பாதி விலை என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். அந்த பிட்டரைத் திட்டவில்லை, நானே அதைச் செய்தவன். என் சொந்த வீட்டு மாடி ரூமுக்கு, அலுமினியச் சட்டத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் சிலிக்கான் அடித்து, நாமே செய்துவிட்டோம் என்று பெருமையாக ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கார்த்திகை மழையில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆவி பிடித்தது. தைக்குள் ஒரு எறும்புக் கூட்டம். துடைக்க வழியில்லை, உள்பக்கம் அல்லவா. பிறகு உடைத்துத்தான் எடுத்தேன்.

உண்மையான இரட்டைக் கண்ணாடியில் நடுச்சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பியூட்டைல் பசை ஒரு சுற்று, அதற்கு வெளியே பாலிசல்பைடோ சிலிக்கானோ இன்னொரு சுற்று. ஆக இரண்டு அடைப்பு. கண்ணாடி வந்து இறங்கியதும் விளிம்பில் அந்தச் சட்டத்தைப் பாருங்கள். சட்டத்தைப் பாருங்கள், இதை இன்னும் நாலு தடவை சொல்வேன். மணி இல்லை, ஒரே அடைப்பு என்றால் திருப்பி அனுப்புங்கள். விலை குறைக்க வேறு வழி உண்டு, கீழே இராயவரம் ஆச்சிக்குச் சொல்லியிருக்கிறேன்.

புதுவயலிலிருந்து: பக்கத்தில் அரிசி ஆலை. ராத்திரி தூங்க முடியவில்லை. இரட்டைக் கண்ணாடி சத்தத்தை முழுசாக நிறுத்துமா?

முழுசாக நிறுத்தாது. வண்டி ஹாரன், பேச்சுச் சத்தம் நன்றாகவே குறையும். ஆலையின் ‘தும் தும்’ அதிர்வு சுவர் வழியாகவும் வரும், அதற்குக் கண்ணாடி மட்டும் போதாது. போடுவதென்றால் இரண்டும் ஒரே கனம் வேண்டாம். இரண்டும் ஒரே சுருதியில் அதிரும். ஒன்று 6 மில்லி, மற்றது நடுவே பிவிபி என்கிற பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய லேமினேட் என்று மாற்றிப் போடுங்கள். அப்புறம் ஸ்லைடிங் வேண்டவே வேண்டாம். தள்ளுகிற ஜன்னலில் பிரஷ்தான் அடைப்பு, காற்று நுழைகிற சந்தில் எல்லாம் சத்தமும் நுழையும். கீல் வைத்துத் திறக்கிற ஜன்னல், சுற்றிலும் ரப்பர் அமுக்கிப் பிடிக்க வேண்டும், பூட்டு இரண்டு மூன்று இடத்தில் இழுக்க வேண்டும். ஸ்லைடிங்கில் விலை உயர்ந்த இரட்டைக் கண்ணாடி போட்டுவிட்டு சத்தம் குறையவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

இராயவரத்திலிருந்து ஒரு ஆச்சி: தம்பி, மகன் வெளிநாட்டிலிருந்து 14 ஜன்னலுக்கும் டபுள் கண்ணாடி போடச் சொல்கிறான். நான் ஒருத்திதான் இருக்கப்போகிறேன். தேவையா?

தேவையே இல்லை ஆச்சி. ஏசி போடுகிற அறை எத்தனை, இரண்டா? அந்த இரண்டு அறைக்கும் போடுங்கள். அதிலும் ஜன்னலில் பாதியைத் திறக்காத கண்ணாடியாக விட்டு, பாதியை மட்டும் திறக்கிற மாதிரி வைத்தால் கீல், பூட்டுச் செலவு குறையும். மிச்ச அறைகளில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தானே இருப்பீர்கள், திறந்த ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி என்ன, இரண்டு என்ன. எல்லா ஜன்னலையும் ஒன்றிரண்டு அளவுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள், பட்டறையில் சேதாரம் குறைந்தால் விலை பேச முடியும். சுவர்ப் பூச்சு வேலை முடிந்த பிறகு அளவு எடுக்கட்டும். டஃபன் செய்த, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடியை அப்புறம் ஒரு நூல்கூட அறுக்க முடியாது, அறுத்தால் தூள்தான். கனத்தையும் மகனிடம் சொல்லுங்கள்: 5 மில்லி இரண்டு சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. பெரிய கதவாக வைத்துவிட்டால் உங்களால் தள்ள முடியாது.

கானாடுகாத்தானிலிருந்து: 1930களில் கட்டிய வீடு, ஐந்து பங்காளிகள். எங்கள் பங்கு இரண்டு அறைக்கு ஏசி போடுகிறோம். பழைய தேக்கு ஜன்னல் எட்டையும் எடுத்துவிட்டு யுபிவிசி இரட்டைக் கண்ணாடி. ஜன்னல் போடுகிறவரே பழசைக் கழிவுக்கு எடுத்துக்கொள்கிறேன், அகற்றும் கூலி வேண்டாம் என்கிறார். நல்ல பேரம்தானே?

யாருக்கு நல்ல பேரம்? அந்தப் ‘பழசு’ பர்மா தேக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடைகள் பக்கம் ஒரு நடை நடந்து, அதே மாதிரி ஜன்னலுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் கூலி வேண்டாம் என்றவரின் பெருந்தன்மை புரியும். நாலு பங்காளிகளும் கையெழுத்துப் போட்டார்களா என்பதையும் நான் கேட்கவில்லை, அது உங்கள் பாடு.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சுவர் கனம் எவ்வளவு? ஒன்றரை அடிக்குக் குறையாது. வெளிமுகத்தில் தேக்கு ஜன்னல் அப்படியே இருக்கட்டும். அதே சுவரின் உள்முகத்தில் திறக்கிற மாதிரி ஒரு மெல்லிய கண்ணாடிச் சட்டம், ரப்பர் அடைப்போடு. நடுவில் 4 அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி வரும், சத்தத்துக்கு அது 12 மில்லி இடைவெளியைவிட நல்லது. பகலில் வெளிக்கதவைச் சாத்தினால் வெயில் கண்ணாடியைத் தொடவே தொடாது. உள்சட்டத்தைத் திறந்து துடைக்கலாம், எறும்பு வந்தாலும் விரட்டலாம். செலவும் நீங்கள் நினைத்திருப்பதைவிடக் குறைவு.

லண்டன் தம்பி மறுபடியும்: அண்ணே, உருக்கமாகப் பேசுகிறீர்கள். வருஷத்தில் பத்து நாள் வருகிறோம். கரையான் மருந்து, ஓடு மாற்றுவது, தேக்குக்கு எண்ணெய், எல்லாம் எங்கள் காசு. வாழ்கிறவனுக்கு வசதி வேண்டாமா? யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014லேயே செட்டிநாடு இருக்கிறது, அந்தப் பட்டியல் வந்து எண்ணெய் தேய்க்குமா?

தேய்க்காது. அந்தக் கோபம் நியாயம். ஆனால் நான் உருகவில்லை, கணக்குத்தான் சொன்னேன். தேக்குச் சட்டம் வெப்பத்தைக் கடத்துவது கிட்டத்தட்ட யுபிவிசி அளவுதான், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொண்ணூறு வருஷம் நின்றதை எடுத்துவிட்டு, நல்ல கம்பெனியே பத்து வருஷம்தான் அடைப்புக்கு உத்தரவாதம் தருகிற பொருளை வைப்பது எந்தச் சிக்கனம்?

கோட்டையூரிலிருந்து: கண்ணாடியே எதற்கு? ஐயா காலத்தில் வளவு, அதாவது நடுமுற்றத்துத் திறப்பில் காற்று ஏறி, ஜன்னல் வழியே இழுக்கும். ஏசிதான் வீட்டைக் கெடுக்கிறது.

பகலில் சரி. ராத்திரி கொசு, பக்கத்து மண்டபத்து மைக், இப்போதைய வைகாசி, எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். முழு வீட்டையும் அடைத்து ஏசி போடுவதை நானும் எதிர்க்கிறேன், வளவை மூடிக் கண்ணாடி போட்டால் அந்த இழுப்பு செத்துவிடும். ஒரு அறைக்கு ஏசி போட்டால் வீடு கெட்டுவிடாது.

கானாடுகாத்தான்: உள்சட்டம் யோசனை அப்பச்சிக்குப் பிடித்துவிட்டது. ஜன்னல் எடுக்க வந்தவரிடம் வேண்டாம் என்று சொன்னதும் கூலி கேட்கிறார், ஒன்றும் செய்யாமலேயே.

கொடுக்காதீர்கள்.

அரியக்குடியிலிருந்து: பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ராத்திரி ஜன்னல் முன் தீக்குச்சி கொளுத்திக் காட்டுங்கள். நாலு முகம், நாலு பிம்பம் தெரியும். அதில் ஒன்று மட்டும் நிறம் மாறி இருக்கும், அதுதான் பூச்சு. நம் ஊருக்கு வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வர வேண்டும், அதாவது வெளிக்கண்ணாடியின் உள்முகம். மூன்றாவதாக இருந்தால் திருப்பி மாட்டிவிட்டார்கள். பணம் கட்டுமுன் இதைச் செய்யுங்கள், கட்டியபின் தீக்குச்சிதான் வீண்.

நாச்சியாபுரத்திலிருந்து: இரட்டைக் கண்ணாடி போட்டு மூன்று வருஷம். காலையில் கண்ணாடியில் ஈரம். போச்சா?

வெளிமுகத்தில் விரலால் துடைக்க முடிந்தால் ஒன்றும் இல்லை, ஏசி குளிர்ச்சிக்கு வெளிக்காற்று வேர்க்கிறது. துடைக்க முடியாமல் நடுவில் இருந்தால் அடைப்பு போச்சு, அந்தக் கண்ணாடியை மட்டும் மாற்றலாம், பிரேம் தப்பித்தது. ஒன்று கேட்கிறேன்: கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடிகிற துளையை யாராவது சிலிக்கானால் அடைத்தார்களா? எறும்பு வருகிறது என்று அடைப்பார்கள். மழைத்தண்ணீர் அங்கே தேங்கி, கண்ணாடியின் அடைப்பு அதிலேயே ஊறும். ஐப்பசிக்கு முன் திறந்து விடுங்கள்.

சிலிக்கான் பேச்சு வந்ததால்: வினிகர் வாடை அடிக்கிற மலிவு சிலிக்கானை இந்தக் கண்ணாடி ஓரத்தில் அடிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் அடைப்பை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.

திருப்பத்தூரிலிருந்து: இரட்டைக் கண்ணாடிக்கு உள்பக்கம் கறுப்பு சன் பிலிம் ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். உள்கண்ணாடி வெயிலைக் குடித்துச் சூடேறும், சூடு போக வழியில்லை, விளிம்பிலிருந்து விரிசல் விடும்.

குன்றக்குடியிலிருந்து: அலுமினியமா யுபிவிசியா?

செலவு முக்கியம் என்றால் யுபிவிசி, உள்ளே இரும்புக் குழாய் வைத்திருக்கிறார்களா என்று ஒரு துண்டு அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கனத்துக்குத் தொங்கிவிடும். அலுமினியம் என்றால் வெப்பம் கடக்காமல் நடுவே பாலிமைடு என்கிற பிளாஸ்டிக் பட்டை வைத்துப் பிரித்தது வேண்டும். அது மலிவாக வராது.

கண்டனூர் மறுபடியும்: பிட்டர் இப்போது இன்னும் குறைத்துத் தருகிறாராம்.

சட்டத்தைப் பாருங்கள்.

காரைக்குடி, நூறடி ரோடு: எல்லாம் படித்தேன் சார். சதுர அடி என்ன ரேட்?

நூறடி ரோடு என்றால் பட்டறையிலிருந்து பத்து நிமிஷம். நாளைக் காலை டேப்போடு வருகிறேன், ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இப்போது வானம் இருட்டுகிறது, வாசலில் கண்ணாடி நாலு சாத்தி வைத்தது அப்படியே நிற்கிறது.