வலி குறைந்த பிறகும் ஸ்கேனில் வீக்கம் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 33. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் க்ரோன்ஸ் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி). பத்து மாதமாக அந்த அழற்சியை அடக்கும் அடலிமுமாப் ஊசி போடுகிறேன். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, எடையும் கூடியிருக்கிறது. ஆனால் இப்போது எடுத்த எம்.ஆர். என்டரோகிராஃபியில் (சிறுகுடலைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) குடல் சுவர் 5 மி.மீ. தடித்திருப்பதாக வந்திருக்கிறது, சிகிச்சைக்கு முன் 9 மி.மீ. இருந்தது. மருந்து கேட்கவில்லையா? புற்றுநோயாக மாறிவிடுமா? ஸ்கேனுக்குப் போட்ட கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும் என்று இணையத்தில் படித்தேன். ஊசியை நிறுத்திவிடலாமா? நடுவில் சில நாள் சாப்பிட்டதும் வயிறு உப்பி, இழுத்துப் பிடித்தது, ஒருமுறை வாந்தியும் வந்தது. வீட்டில் மிச்சமிருந்த பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஒரு வாரம் போட்டதும் சரியாகிவிட்டது.

பதில்: குடலை வெட்டி எடுக்க வேண்டி வருமோ என்று பயப்படுகிறீர்கள். கடிதத்தில் அந்த வார்த்தை இல்லை, ஆனால் எல்லாக் கேள்வியும் அங்கேதான் போய் முட்டுகிறது. சரி, அதற்கே முதலில் வருகிறேன். 9 மி.மீ. இருந்த சுவர் 5 ஆகியிருக்கிறது என்றால் மருந்து கேட்கிறது. வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். இந்த எண்ணை மட்டும் பார்த்து யாரும் உங்களை அறுவை சிகிச்சைக்கு அனுப்ப மாட்டார்கள்.

க்ரோன்ஸ் நோய் குடலின் உள்தோலோடு நிற்பதில்லை. சுவரின் முழுக் கனத்தையும் பிடிக்கிறது. கொலோனாஸ்கோபியில் உள்பக்கத்தை மட்டுமே பார்க்க முடியும், அதுவும் சிறுகுடலில் கடைசிச் சில சென்டிமீட்டர் வரைதான். அதற்கு மேல் என்ன நடக்கிறது, சுவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எம்.ஆர். எடுக்கிறோம். உங்களுக்கு வலி இருக்கிறதா இல்லையா என்பதை நம்பி இதை முடிவு செய்ய முடியாது. நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவரின் குடலில் புண் இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

ஆறும்போது உள்தோல் முந்திக்கொள்கிறது, சுவர் பின்தங்குகிறது. 3 மி.மீ. வரை இயல்பு. சிலருக்கு அங்கே வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்; சிலர் சுவர் முழுவதும் அந்த அளவுக்கு வராமலே நன்றாக இருப்பார்கள். 2021இல் வந்த ஸ்ட்ரைட்-2 என்ற சர்வதேசப் பரிந்துரையும் உள்தோல் ஆறுவதைத்தான் நீண்ட கால இலக்காக வைத்தது. முழுச் சுவரும் ஆறுவதைத் துணைத் தகவலாகப் பார்க்கச் சொன்னதே தவிர, கட்டாய இலக்காக வைக்கவில்லை.

ரிப்போர்ட்டில் எண்ணைவிட அதன் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சுவரில் நீர் கோத்திருக்கிறதா, கான்ட்ராஸ்ட் மருந்தைச் சுவர் அதிகம் இழுக்கிறதா, நோய் பிடித்த பகுதியின் நீளம் குறைந்திருக்கிறதா? இன்னொன்று: ஸ்கேனுக்கு முன் ஒரு லிட்டருக்கு மேல் ஒரு கரைசலைக் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லியிருப்பார்களே, அது குடலை விரிய வைப்பதற்கு. குமட்டுகிறது என்று பாதியில் வைத்துவிட்டால் குடல் சுருங்கியே கிடக்கும். சுருங்கிய குடலின் சுவர் இருப்பதைவிடத் தடிப்பாகத் தெரியும். (அன்றைக்குப் பலமுறை கழிப்பறைக்கு ஓடியிருந்தால் அதுவும் அந்தக் கரைசலின் வேலை, நோய் திரும்பியதல்ல.)

இப்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். சாப்பிட்டதும் வயிறு உப்பி, இழுத்துப் பிடித்து, வாந்தி. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான், 5 மி.மீ. அல்ல. குடல் ஓரிடத்தில் குறுகியிருந்தால் இப்படித்தான் வரும். உணவு அந்த இடத்துக்கு வந்து சேரும்போது அதற்கு முந்தைய குடல் தள்ளித் தள்ளிப் பார்க்கும். வலி அலை அலையாக வரும், உள்ளே கடமுட என்று சத்தம் கேட்கும், பிறகு விட்டுவிடும். எம்.ஆரில் குறுகலுக்கு முன்னால் குடல் 3 செ.மீ.க்கு மேல் விரிந்திருக்கிறதா என்று பார்ப்போம். உங்கள் மருத்துவர் ரேடியாலஜிஸ்டிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. குறுகல் இருந்தாலும் உடனே கத்தி என்றில்லை: வீக்கத்தால் வந்ததானால் மருந்திலேயே விரியும், தழும்பாகி, நீளமும் குறைவாக இருந்தால் எண்டோஸ்கோப் வழியாகப் பலூன் வைத்து விரிக்கலாம். இதற்கெல்லாம் பிடிபடாததற்குத்தான் அறுவை சிகிச்சை. ஆனால் வாந்தி நிற்காமல், வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் போனாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

அந்த பிரட்னிசோலோனை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? ஸ்டீராய்டு வலியை அடக்கும், குடலை ஆற்றாது. உள்ளே சீழ் கட்டியிருந்தால் காய்ச்சலையும் மறைத்துவிடும், நாங்கள் தாமதமாகக் கண்டுபிடிப்போம். அதை ஸ்கேனுக்கு முன் போட்டிருந்தால் அந்த 5 மி.மீ.கூடக் கொஞ்சம் குறைத்துக் காட்டியதாக இருக்கலாம். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். இந்த நோயைக் கிளப்பிவிடக்கூடியவை.

மற்றவை. வீக்கத்தால் சுவர் தடிப்பது புற்றுநோயின் தொடக்கம் அல்ல. கடோலினியம் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும். துளி அளவு தங்கினாலும் அதனால் அவர்களுக்குத் தீங்கு என்று நிரூபணம் இல்லை. எம்.ஆரில் கதிர்வீச்சும் கிடையாது. இணையத்தில் படித்ததை இந்த அளவில் மூடிவிடலாம்.

ஊசியை நிறுத்தாதீர்கள். பாதி வேலை செய்திருக்கும் மருந்தை விட்டால் இவ்வளவு தூரம் வந்ததும் வீண். இரத்தத்தில் மருந்தின் அளவும், அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைந்து ஆன்டிபாடியும் இல்லையென்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவதை வாரம் ஒன்றாக்கலாம். மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பரிசோதனையும் தேவை. கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, ஆனால் சிறுகுடல் நோயில் அது சில சமயம் குறைவாகவே காட்டும். அடுத்த ஆறு மாதம் குடல் அல்ட்ராசவுண்டிலேயே தொடர்ந்து பார்க்கலாம். ஒன்று மட்டும்: அல்ட்ராசவுண்ட் மில்லிமீட்டரை எம்.ஆர். மில்லிமீட்டரோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

இந்த வாரமே போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது; இரண்டு ஸ்கேன்களின் படங்களும் உள்ள சிடியையும், பிரட்னிசோலோன் போட்ட தேதிகளையும் எடுத்துப் போங்கள்.