குறோசே நத்தார் மரம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குறோசே முறையில், அதாவது கொக்கி ஊசியால் பின்னும் நத்தார் மரத்தைப் பற்றியவை. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைக்க 20 செ.மீ. அளவில் ஒரு மரம் பின்ன ஆசை. முதலில் பின்னியது அகன்று தட்டையாய்ப் போயிற்று. அடுத்தது கரட் மாதிரி மெலிந்துவிட்டது. எத்தனை கண் கூட்டினால் மரம் மரமாக வரும்?
— வாசகி, குருநகர்

கூம்பின் சரிவைத் தீர்மானிப்பது கண் கூட்டும் (ஒரே கண்ணில் இரண்டு பின்னும்) கணக்குத்தான். சிங்கிள் கண் ஒன்றின் (சிங்கிள், டபிள் போடும் விதம் கீழே இளவாலை வாசகிக்கான பதிலில்) உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் 6 கண் கூட்டினால் தட்டையான வட்டம் வரும். உங்கள் முதல் மரத்துக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அதே 6 கண்ணை இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கூட்டினால் அடியின் விட்டம் சரிவின் நீளத்துக்குச் சமமாகும். மூன்று சுற்றுக்கு ஒருமுறை என்றால் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை என்றால் சரிபாதி. மேசையில் வைக்கும் மரத்துக்கு இந்தக் கடைசிக் கணக்கே வடிவு.

3.5 மி.மீ. குறோசே ஊசியும் அதற்கேற்ற நடுத்தரத் தடிப்பு நூலும் எடுங்கள். 10 சிங்கிள் பின்னி அளந்தால் 5 செ.மீ. வரவேண்டும். அதைவிட நீண்டால் ஊசியில் ஒரு அளவு இறங்குங்கள், இல்லாவிட்டால் உள்ளே அடைக்கும் பஞ்சு கண்களுக்கூடாகத் தெரியும். பச்சை நூல் 100 கிராம் உருண்டை ஒன்று போதும், மிச்சமும் வரும்.

உச்சியிலிருந்து தொடங்குங்கள். இழுத்து இறுக்கக்கூடிய வளையத்துக்குள் 6 சிங்கிள். 2ஆம் சுற்று அப்படியே 6. 3ஆம் சுற்றில் ஒரு கண்ணுக்கு ஒன்று, அடுத்த கண்ணில் இரண்டு என்று மாறிமாறிப் போட்டு 9. 4ஆம் சுற்று 9. 5ஆம் சுற்றில் இரண்டு கண்ணுக்கு ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு என்று போட்டு 12. இதற்குப் பிறகு மூன்று சுற்று கூட்டாமல், நான்காவது சுற்றில் 6 கண் கூட்டி: 9ஆம் சுற்றில் 18, 13இல் 24, 17இல் 30, 21இல் 36, 25இல் 42, 29இல் 48, 33இல் 54, 37இல் 60. 40ஆம் சுற்றோடு உடல் முடிந்தது. சரிவு 20 செ.மீ., அடியின் விட்டம் 10 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு.

கிளை அடுக்குகளுக்கு இப்போதே இடம் விடவேண்டும். ஒவ்வொரு கண்ணின் தலையிலும் இரண்டு இழை இருக்கும். கண் கூட்டிய சுற்றுக்கு அடுத்த சுற்றை (6, 10, 14 என்று 38 வரை) பின் இழையில் மட்டும் பின்னுங்கள். முன் இழைகள் வரம்பு போல வெளியே நிற்கும், கிளையின் இதழ்களைப் பிறகு இவற்றில் தனிநூலால் பின்னவேண்டும். மொத்தம் ஒன்பது வரம்புகள், ஒன்றுக்கொன்று 2 செ.மீ. தூரம். எல்லா வரம்பின் எண்ணிக்கையும் 6ஆல் வகுபடும், எனவே கிளைக்கு ஒரே மாதிரி போதும்: ஒரு கண்ணில் சிங்கிள், இரண்டு கண் விட்டு அடுத்ததில் 7 டபிள் (இது ஓர் இதழ்), இரண்டு கண் விட்டு மறுபடி சிங்கிள். 12 கண்ணில் 2 இதழ், 60 கண்ணில் 10 இதழ் வரும்.

அடுக்குகளுக்கிடையே உடல் தெரியக்கூடாது என்றால், முதலில் வரம்பு முழுவதும் கண்ணுக்கு ஒரு டபிளாக ஒரு சுற்றுப் பின்னி, அதன்மேல் இதழ் போடுங்கள். கடைசி அடுக்குக்கு மட்டும் அந்த மேலதிகச் சுற்று வேண்டாம். அதற்குக் கீழே ஒன்றரை செ.மீ. உடல்தான் இருக்கிறது, இதழ் நீண்டால் மேசையில் முட்டி வெளியே பிதுங்கி நிற்கும்.

இன்னுமொன்று. கூட்டும் கண்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்தால் மரம் வட்டமாக இராமல் ஆறு மூலை காட்டும். உதாரணமாக 18இலிருந்து 24க்குப் போகும்போது, ‘இரண்டு கண், ஒரு கூட்டல்’ என்று ஆறு தரம் போடுவதற்குப் பதிலாக ஒரு கண்ணோடு தொடங்கி ஒரு கண்ணோடு முடியுங்கள்: 1 கண், கூட்டல், பிறகு ‘2 கண், கூட்டல்’ ஐந்து தரம், கடைசியில் 1 கண். ஒன்றுவிட்ட ஒவ்வொரு கூட்டல் சுற்றிலும் இப்படித் தள்ளிப் போட்டால் மூலை மறைந்துவிடும். சுற்றின் முதற்கண்ணில் வேறு நிற நூல்துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். மனக்கணக்கை நம்பினால் 30 கண்ணுக்கு மேல் நிச்சயம் பிசகும்.

நான் பின்னிய மரத்தில் இதழ்கள் எல்லாம் மேல்நோக்கி நிற்கின்றன. தண்ணீர் தெளித்து அமத்தியும் இறங்கவில்லை.
— வாசகி, மானிப்பாய்

உச்சியை மேலே பிடித்துக்கொண்டு இதழ் பின்னியிருக்கிறீர்கள். மரத்தைத் தலைகீழாக, உச்சி உங்கள் பக்கமும் அடி அப்பாலும் இருக்கப் பிடித்துப் பின்னினால் இதழ்கள் அடியை நோக்கியே வளரும், நிமிர்த்தும்போது தாமாகத் தொங்கும். தண்ணீர் தெளித்து இதைத் திருத்த முடியாது, அவிழ்த்துத்தான் பின்னவேண்டும். இதழ்கள் தனிநூலில் இருப்பதால் உடலுக்கு ஒன்றும் ஆகாது.

கன்னியாஸ்திரிகளிடம் குறோசே பழகிய அம்மா சொன்னபடி ‘டபிள்’ போட்டேன். யூரியூப்பில் காட்டும் மரத்தில் பாதி உயரம்தான் வந்தது. எங்கே பிழை?
— வாசகி, இளவாலை

பிழை அம்மாவிலும் இல்லை, உங்களிலும் இல்லை. பிரித்தானிய முறையில் ‘டபிள்’ எனப்படுவது அமெரிக்க முறையில் ‘சிங்கிள்’. பிரித்தானிய ‘றெபிள்’ அமெரிக்க ‘டபிள்’. நம்மூரில் பழைய புத்தகங்களிலும் தையல் வகுப்புகளிலும் பழகியவர்களுக்குப் பிரித்தானிய முறையே கைப்பழக்கம், இணையத்தில் வருபவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க முறை. கண்டுபிடிக்க இலகுவான வழி: குறிப்பில் எங்காவது ‘சிங்கிள்’ என்று வந்தால் அது அமெரிக்க முறை. ஊசியில் இரண்டு இழை இருக்க ஒரே இழுப்பில் முடிந்தால் இந்தப் பகுதியில் நாம் சொல்லும் சிங்கிள். நூலை முதலில் ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு நுழைத்து, இரண்டிரண்டாக இரு இழுப்பில் முடிந்தால் டபிள்.

வீட்டில் இலவம் பஞ்சு இருக்கிறது. மரத்துக்குள் அடைக்கலாமா? சென்ற வருடம் செய்த மரம் ஒரு பக்கம் சாய்ந்து, அடியிலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது.
— வாசகர், சாவகச்சேரி

அடைக்கலாம், ஆனால் நேரே அல்ல. இலவம் பஞ்சின் இழை மிகவும் நுண்ணியது, வழுக்கும் தன்மையுள்ளது. கண்களுக்கூடாக வெளியே வந்து பச்சை நூல்மேல் வெள்ளையாய்ப் படியும். பழைய மெல்லிய துணியில் கூம்பாக ஒரு பை தைத்து அதற்குள் அடைத்துச் செருகுங்கள். கடையில் விற்கும் பொலியெஸ்ரர் பஞ்சுக்குப் பை தேவையில்லை. ஈரம் இழுக்காது என்பதால் மார்கழி மழைக்கு அதுவே மேல்.

மரம் சாய்வது பெரும்பாலும் உச்சியில் பஞ்சு போதாததால்தான். 6, 9 கண் உள்ள பகுதிக்குள் விரல் போகாது. 12ஆவது சுற்றோடு நிறுத்தி, சிறு சிறு பஞ்சாக எடுத்து அகப்பைக் காம்பின் நுனியால் உச்சிவரை தள்ளி இறுக்கிவிட்டுத் தொடர்ந்து பின்னுங்கள். முழுவதும் முடிந்த பிறகு அடைக்கப் போனால் உச்சி எப்போதும் வெறுமையாகவே இருக்கும். உயரமான மரம் என்றால் நாலைந்து ஈர்க்கைச் சேர்த்து நூலால் கட்டி நடுவில் முதுகெலும்பாக நிறுத்தலாம். கூர்முனையைத் துணியால் சுற்றிவிடுங்கள்.

பூஞ்சணத்துக்குக் காரணம் அடிமட்டை. மழைக்காலக் காற்றின் ஈரத்தைக் கடதாசி மட்டை குடித்து வைத்துக்கொள்ளும். ஐஸ்கிறீம் பெட்டியின் பிளாஸ்ரிக் மூடியில் 9 செ.மீ. வட்டம் வெட்டிப் போடுங்கள். அதன்மேல் பாரத்துக்கு, கழுவிக் காயவைத்த சிறு கற்களை பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள், ஒரு கைப்பிடி போதும். கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். அரிசி, பயறு போட்டால் வண்டு வரும், வண்டுக்கு முன் எலி வரும்.

அடியை மூட 6 சிங்கிளில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டி, 10 சுற்றில் 60 கண் வரும் வட்டம் ஒன்றைத் தனியே பின்னுங்கள். உடலின் 60 கண்ணோடு கண்ணுக்குக் கண் சேர்த்துப் பின்னினால் தையலே தேவையில்லை.

வெள்ளைப் பருத்தி நூலில் சல்லடை போல ஒரு மரம் பின்னி, சீனிப்பாகில் தோய்த்து விறைப்பாக்கினேன். இரவோடிரவாக எறும்பு மொய்த்துவிட்டது. அக்காவின் அக்ரிலிக் மரமோ எதில் தோய்த்தாலும் நிற்கவில்லை.
— வாசகி, பருத்தித்துறை

சீனிப்பாகு குளிர்நாட்டுக்காரருக்குச் சரி. நம் வீட்டில் எறும்பு விடாது, மழை நாளில் பிசுபிசுக்கவும் செய்யும். அரிசிக் கஞ்சியும் கோன்பிளவர்க் கஞ்சியும் வெயில் காலத்தில் நல்லவை. மழையில் காய நாளெடுத்தால் கறுப்புப் புள்ளி விழும். மார்கழியில் வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவில் கலந்து தோய்ப்பதே பாதுகாப்பு.

ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) கூம்பு ஒன்றைப் பொலித்தீனால் சுற்றி, தோய்த்துப் பிழிந்த பின்னலை அதன்மேல் இழுத்து, விளிம்பை ஊசிகளால் குத்தி நிறுத்துங்கள். துருப்பிடிக்கும் ஊசி வெள்ளை நூலில் மண்ணிறக் கறை விடும், ஆகவே துருப்பிடிக்காத ஊசியாகப் பாருங்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்துத் தொட்டுப் பார்த்து, உட்பக்கமும் காய்ந்த பிறகே கழற்றுங்கள். அவசரப்பட்டுக் கழற்றிய மரம் இடுப்பில் மடியும். வெள்ளி நிறம் ஸ்பிறே பண்ணுவதாக இருந்தால் கூம்பைக் கழற்றிவிட்டுப் பண்ணுங்கள், ஸ்பிறே பெயின்ற் பட்டால் ரெஜிபோம் கரைந்து குழிவிழும்.

அக்ரிலிக் பிளாஸ்ரிக் வகை நூல். கஞ்சியை அது உள்ளே உறிஞ்சாது, மேலே பூசினதாக நின்று பொருக்காக உதிரும். அக்ரிலிக்கில் பின்னினால் பஞ்சடைத்த மரம், பருத்தியில் பின்னினால் விறைத்த மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ‘கம்பளி’ என்று தந்த நூல் உண்மையில் கம்பளிதானா? மரத்தில் மின்குமிழ் சுற்றலாமா?
— வாசகர், ஊர்காவற்றுறை

ஒரு விரல் நீளத் துண்டைக் குறடால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் பற்றவையுங்கள். உண்மைக் கம்பளி தலைமயிர் கருகும் மணம் தரும், சாம்பல் விரலில் நசுங்கும். பருத்தி கடதாசி எரியும் மணம் தரும். அக்ரிலிக் உருகி எரிந்து, ஆறியபின் நசுங்காத கறுப்பு மணியாக இறுகும். கம்பளி என்று இங்கே விற்பதில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகை.

உருகும் நூல் என்பதால் சூடேறும் பழைய குமிழ்ச் சரம் வேண்டவே வேண்டாம், மெழுகுதிரியும் கிட்ட வேண்டாம். பற்றரியில் எரியும் எல்.ஈ.டி. சரம் போதும். பொத்தான் பற்றரி உள்ள சரமென்றால் அதன் பெட்டி திருகாணியால் பூட்டியதா என்று பாருங்கள். சின்னப்பிள்ளைகள் அதை விழுங்கினால் உயிராபத்து.

மூவிராசாக்கள் திருநாள் முடிந்து எடுத்து வைக்கும்போது என்ன செய்யவேண்டும்?
— வாசகி, பாசையூர்

அக்ரிலிக் மரத்தைத் தூசு தட்டி, ஒரு பகல் வெயிலில் வைத்து, தலையணை உறையில் போட்டு வையுங்கள். மேலே பாரம் ஏற்றக்கூடாது. நசிந்த இதழை இஸ்திரிப்பெட்டியால் நிமிர்த்தப் போனால் நூல் தட்டையாகிப் பளபளத்துவிடும், அதற்கு மருந்தில்லை. கஞ்சி போட்ட பருத்தி மரமென்றால் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கிக் காயவைத்தே மடியுங்கள். கஞ்சியோடு வைத்தால் கரப்பான் நூலையும் சேர்த்து அரித்துவிடும். அடுத்த நத்தாருக்குப் புதிதாகக் கஞ்சி போட ஒரு மணித்தியாலம் போதும்.