ஸ்டௌஃபனின் வெடிப்புகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். சென்ற வாரம் பக்கத்திலுள்ள ஸ்டௌஃபன் என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். மந்திரவாதி ஃபவுஸ்ட் இறந்ததாகச் சொல்லப்படும் லோவன் விடுதி அங்கே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் பல, கூரையிலிருந்து தரைவரை வெடித்துக் கிடக்கின்றன. நகராட்சி 2007-இல் பூமியைத் துளைத்ததுதான் காரணம் என்றார்கள். ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்றவன் செத்த ஊரில், பூமியின் வெப்பத்துக்கு ஆசைப்பட்டு மனிதர்கள் ஊரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்தச் சாபத்தை மையமாக வைத்து ஒரு கட்டுரை எழுத விரும்புகிறேன். இடைக்கால ஜெர்மனியை ஆண்ட ஹோஹென்ஸ்டௌஃபன் பேரரசர்களின் பூர்வீக ஊர் என்பதால் அவர்களையும், ஊரின் ஒயினையும் பழச்சாராயத்தையும் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். ஃபவுஸ்ட் உண்மையிலேயே அங்கேதான் இறந்தாரா? எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

சிற்றூர்களின் வரலாற்றை எப்படி எழுத வேண்டும் என்ற யோசனையிலேயே சில நாட்களாக இருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அதன்மேல் வந்து விழுந்தது. வெளியூரிலிருந்து போன ஒருவர் சுவரின் வெடிப்புக்கு முன்னால் நின்று, ஏன் என்று கேட்டிருக்கிறார். பெரும்பாலானவர்கள் விடுதிச் சுவரைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கேட்டீர்கள். அதற்காகவே இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

ஆனால் ‘சாபம்’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். சுமார் 270 கட்டடங்கள் சேதமாகியிருக்கின்றன. அவற்றில் குடியிருப்பவர்கள் எதையும் எவருக்கும் விற்கவில்லை. கடன் வாங்கி வீடு வாங்கியவர்களும், தாத்தா கட்டிய வீட்டில் வயதாகிக்கொண்டிருப்பவர்களும் அவர்கள். அவர்கள் வீட்டுச் சுவரை ஒரு கதையின் அலங்காரமாக ஆக்க உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

பேரரசர்களையும் விட்டுவிடுங்கள். ஹோஹென்ஸ்டௌஃபன் மலை, கறுப்புக் காடு என்ற மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், ஸ்வேபியாவில், கோப்பிங்கன் அருகே இருக்கிறது. இந்த ஊரை ஆண்டவர்கள் வேறு குடும்பம். ஸேரிங்கன் கோமகன்களுக்குக் கீழிருந்த சிறு பிரபுக்கள், மேலே பள்ளத்தாக்கிலுள்ள புனித ட்ரூட்பெர்ட் மடத்தின் காவலர்கள். 1602-இல் வம்சம் அற்றது. குன்றின்மேலிருந்த அவர்களது கோட்டையை 1632-இல் ஸ்வீடன் படை எரித்தது. ஊர் ஆஸ்திரியாவின் கைக்குப் போய், 1806-இல் பாடன் நாட்டோடு சேர்ந்தது. 1848-இல் லோராக்கில் குடியரசு அறிவித்த குஸ்டாவ் ஷ்ட்ரூவேயின் புரட்சிப் படை, அறிவித்த மூன்றாம் நாளே, செப்டம்பர் 24 அன்று, இந்த ஊர்த் தெருக்களில்தான் தோற்றுச் சிதறியது. நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. கவிஞர் பேட்டர் ஹூகெல் 1981-இல் இறந்ததும் இங்கேதான். ஒயினும் பழச்சாராயமும் நல்லவைதான், அவற்றைச் சுற்றுலாக் கையேடு பார்த்துக்கொள்ளும்.

ஃபவுஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். ஸிம்மர்ன் பிரபுக்களின் 16-ஆம் நூற்றாண்டுக் குடும்ப வரலாற்றேடு, அவர் 1541-ஐ ஒட்டி ஸ்டௌஃபனிலோ அதற்கு அருகிலோ இறந்ததாகச் சொல்கிறது. லோவன் விடுதியின் சுவர் 1539 என்கிறது. கூடவே சாத்தான் கழுத்தை முறித்ததாகவும் சொல்கிறது. பிரபுவுக்காகத் தங்கம் செய்யப் போய் ரசாயனம் வெடித்துச் செத்தார் என்பது ஊர் வழக்கு. ஏட்டின் அந்த வரிக்கு மேல் உறுதியாகப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் நிலவியலை முதல் பக்கத்தில் நான்கு வரியில் முடித்துவிட்டு மன்னர்களிடம் ஓடிவிடுகிறார்கள். ‘இவ்வூர் மலையடிவாரத்தில் அழகுற அமைந்துள்ளது’ என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஸ்டௌஃபனில் அந்த வாக்கியத்துக்குள்தான் எல்லாம் இருக்கிறது.

கிழக்கே கறுப்புக் காட்டின் பழைய நைஸ் பாறை, அழுத்தத்திலும் சூட்டிலும் உருமாறிய கடினப் பாறை. மேற்கே ரைன் சமவெளி. சமவெளி என்பது ஒரு பள்ளம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டு நடுவில் இறங்கியது, ஓரங்கள் உயர்ந்தன. இறங்கியதற்கும் உயர்ந்ததற்கும் நடுவே உடைந்த பாறைத் துண்டங்கள் சரிந்தும் சாய்ந்தும் ஒரு பட்டையாக நிற்கின்றன. ம்யூன்ஸ்டர் பள்ளத்தாக்கிலிருந்து நொய்மாகன் ஆறு வெளியேறும் வாயிலில், அந்த உடைசல் பட்டையின்மேல், ஊர் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் நைஸ் பாறையில் வெள்ளித் தாது ஓடியது. பிரபுக்களின் செல்வாக்கு அதிலிருந்து வந்தது. கறுப்புக் காட்டின் பக்கம் நிலம் உயரம். அங்கே பெய்யும் மழை பாறை இடுக்குகளில் இறங்கி, களிமண் அடுக்குகளுக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கிறது. மலையடிவாரத்தில் மேலிருந்து ஒரு துளை போட்டால் தண்ணீர் தானாகவே மேலேறும். நம் ஊரில் பம்பு வைக்காமல் பொங்கும் போர்வெல்லைச் சிலர் பார்த்திருப்பார்கள், அதுதான் இது.

அந்த அடைபட்ட தண்ணீருக்கு மேலே ஜிப்சம் கொய்ப்பர் என்ற அடுக்கு இருக்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. வற்றிப்போன ஆழமற்ற உப்பு நீர்நிலைகளில் படிந்த களிமண்ணும் கால்சியம் சல்பேட்டும் மாறிமாறி அடுக்கியது. கால்சியம் சல்பேட் தண்ணீரோடு சேர்ந்திருந்தால் ஜிப்சம். ஆழத்தில் அழுத்தமும் சூடும் தண்ணீரைப் பிழிந்தெடுத்துவிட்டால் அன்ஹைட்ரைட். பிறகு நிலம் உயர்ந்து மேற்பகுதி அரிக்கப்படும்போது, மழைநீர் எட்டும் ஆழம்வரை அன்ஹைட்ரைட் மீண்டும் ஜிப்சமாகிவிடும். அதற்குக் கீழே களிமண் தண்ணீரை விடாததால் அன்ஹைட்ரைட் அப்படியே உலர்ந்து கிடக்கும். மேலே ஜிப்சம் தட்டுப்பட்டால் கீழே அன்ஹைட்ரைட் இருக்கலாம் என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 136 கிராம் அன்ஹைட்ரைட் 36 கிராம் தண்ணீரை எடுத்துக்கொண்டு 172 கிராம் ஜிப்சமாகிறது. எடை கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் கொள்ளளவு சுமார் 46 கனசென்டிமீட்டரிலிருந்து 74-க்கு ஏறுகிறது: 60 சதவீத வீக்கம். சுற்றிலும் பாறை நெருக்கும்போது வீங்குவதற்கு இருக்கும் ஒரே வழி மேலே. மேலேதான் ஊர் இருக்கிறது.

2007 செப்டம்பரில் நடந்தது இது. 16-ஆம் நூற்றாண்டு நகராட்சி மண்டபத்தைப் புதுப்பித்தபோது, குளிர்காலச் சூட்டையும் கோடைக் குளிர்ச்சியையும் பூமியிலிருந்தே எடுக்கலாம் என்று பின்பக்கம் ஏழு துளைகள் போட்டார்கள். ஒவ்வொன்றும் 140 மீட்டர். இந்த வேலையின் படிகள் எளியவை: துளை போடுவது, யூ வடிவில் வளைந்த பிளாஸ்டிக் குழாய்களை அடிவரை இறக்குவது, குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை பென்டோனைட் என்ற களிமண் கலந்த சிமென்ட் பாலால் அடைப்பது. பிறகு குழாயில் திரவத்தை ஓடவிட்டு, அதன் வெப்பத்தைக் கட்டடத்துக்கு மாற்றும் ஹீட் பம்பில் இணைப்பது.

மூன்றாவது படியில்தான் ஊரின் தலைவிதி இருக்கிறது. சிமென்ட் பாலை மேலிருந்து ஊற்றக் கூடாது. தனிக் குழாயை அடிவரை விட்டுக் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். உள்ளே செலுத்திய அதே அடர்த்தியில் பால் துளையின் வாய்வழியே வரும்வரை நிறுத்தக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று எழுதிவைக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் அகலத் துளை, 140 மீட்டர் ஆழம், உள்ளே 32 மில்லிமீட்டர் குழாய் நான்கு என்று வைத்துக்கொண்டால், நிரப்ப வேண்டியது சுமார் 2,000 லிட்டர். அதைவிடக் குறைவாகப் போனால் எங்கோ வெற்றிடம் இருக்கிறது. மிக அதிகமாகப் போனால் பாறை இடுக்கு குடிக்கிறது. கீழேயிருந்து அழுத்தத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால், இறுகுவதற்கு முன்பே சிமென்ட் கரைந்து போய்விடும். சல்பேட் பாறைக்குச் சாதாரண சிமென்ட் ஆகாது, அதற்குத் தாங்கும் வகை வேண்டும்.

ஸ்டௌஃபனில் அடைப்பு நிற்கவில்லை. கீழடுக்கின் தண்ணீர், துளைகளின் வழியே மேலேறி, அதுவரை அது எட்டாத அன்ஹைட்ரைட்டைத் தொட்டது. பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநில நிலவியல் துறை பின்னர் ஆய்வுத் துளை போட்டுப் பார்த்தபோது, சுமார் 60 முதல் 100 மீட்டர் ஆழம்வரை பாறை வீங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. வேலை முடிந்த சில வாரங்களிலேயே விரிசல்கள் தொடங்கின. உச்சத்தில் நிலம் மாதம் 11 மில்லிமீட்டர் எழும்பியது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 13 சென்டிமீட்டர்.

நிலம் ஒரே சீராக எழும்பினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. கட்டிலின் நான்கு காலையும் சேர்த்துத் தூக்கினால் கட்டில் முறியாது. இங்கே மண்டபத்தருகே அதிகமாகவும் விலக விலகக் குறைவாகவும் எழும்பியதால், ஒரே வீட்டின் ஒரு மூலை உயர்ந்து மறு மூலை நின்றது. சுவர் கிழிந்தது. கதவு நிலையில் பொருந்தவில்லை. நிலத்தடிக் குழாய்களும் இழுபடும். சில கட்டடங்களை இடிக்கவே வேண்டியதாயிற்று. வெடிப்பில் சாந்து பூசிப் பயனில்லை. அசைவு நிற்கும்வரை அது மறுபடி திறக்கும்.

அடுத்து ஒரு சிறிய கணக்கு, இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. மொத்த எழுச்சி அதிகபட்ச இடத்தில் 60 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. வீங்கும் பட்டை 40 மீட்டர் தடிமன். அதாவது ஒன்றரை சதவீதம். அடுக்கிலுள்ள அன்ஹைட்ரைட் முழுவதும் மாறியிருந்தால் எழுச்சியை மீட்டரில் அளக்க வேண்டியிருக்கும். மாறாமல் மிச்சமிருப்பதுதான் அதிகம். ஆகவே தண்ணீரை எடுத்துக்கொண்டே இருப்பதைத் தவிர வழியில்லை. பழைய துளைகளைச் சுற்றி மீண்டும் சிமென்ட் செலுத்தினார்கள், கிணறுகள் போட்டு நிலத்தடி நீர்மட்டத்தை வீங்கும் பட்டைக்குக் கீழே இறக்கினார்கள். வேகம் மாதத்துக்குச் சில மில்லிமீட்டராகக் குறைந்தது. பம்பை நிறுத்தினால் தண்ணீர் பழைய மட்டத்துக்குத் திரும்பும்.

‘பூமியின் வெப்பத்துக்கு ஆசைப்பட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியம் எனக்குக் கோபம் தருகிறது. எரிவாயுவைக் குறைக்க நினைத்தது பேராசையா? அதே மாநிலத்தில் ஆயிரக்கணக்கான துளைகள் ஒரு சேதமுமின்றி வீடுகளைச் சூடாக்குகின்றன. ஆனால் ப்யோப்லிங்கன் என்ற ஊரிலும் இதே அடுக்கைத் துளைத்து இதே கதி நேர்ந்தது. ஸ்டுட்கார்ட் அருகே ஏங்கெல்பெர்க் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை இதே பாறைதான் நெருக்கி வளைத்தது. எனவே பிழை துளையிட்டதில் இல்லை. எந்தப் பாறையில், எவ்வளவு ஆழத்துக்கு, எந்த அடைப்போடு என்பதில் இருக்கிறது. மாநிலம் 2011-இல் கொண்டுவந்த தர விதிகளின் மையம் இதுதான்: ஜிப்சம் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்து, துளையை முறையாக அடை. எழுதும்போது சாத்தானைக் கொண்டுவந்தால் இந்த விதிக்கு உங்கள் கட்டுரையில் இடமே இருக்காது. வாசகர் பயந்துவிட்டு எதையும் தெரிந்துகொள்ளாமல் போவார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்களே. மாநில நிலவியல் துறையின் வரைபடங்கள் இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. ஊரைச் சுற்றிய பிளவுக் கோடுகளையும் கொய்ப்பர் அடுக்கையும் முதலில் பாருங்கள். பிறகு மறுபடி போங்கள். மண்டபத்தின் பின்பக்கம் தொடங்கி வெளிநோக்கி நடந்து, ஒவ்வொரு வெடிப்பையும் வரைந்துகொள்ளுங்கள். நிலம் நடுவில் எழும்பிய இடத்தில் வெடிப்பு மேலே அகன்று கீழே ஒடுங்கியிருக்கும். நடு அமிழ்ந்திருந்தால் தலைகீழாக இருக்கும். ஒட்டிகளில் ‘ஸ்டௌஃபன் உடைந்துவிடக் கூடாது’ என்று ஊர்க்காரர்கள் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அவற்றை ஒட்டியவர்களில் யாராவது பேச முன்வந்தால், எந்த மாதத்தில் எந்தக் கதவு முதலில் அடைபட மறுத்தது என்று கேளுங்கள். பொறுமையாகக் கேளுங்கள், படம் எடுக்க அனுமதி வாங்குங்கள். ஃபவுஸ்டுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். முதல் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்பினால் படித்துக் குறிப்பெழுதித் தருகிறேன்.

அன்புடன்